‘விசாரிச்சுப்போட்டு விடுவம்’: வன்னியில் ஒரு சொல்லின் கதை

பத்து வருடங்களுக்கு மேலாகிவிட்டது. கிளிநொச்சியில் ஒரு தாயின் சத்தியக் கடதாசியை ஆங்கிலத்துக்கு மாற்றிக்கொண்டிருந்தேன். 2009 மே மாதத்தில், சனத்தோடு சனமாக இராணுவக் கட்டுப்பாட்டுப் பகுதிக்குள் வந்த மகனைக் கூட்டிச்சென்றது பற்றிய கடதாசி அது. அதில் ஒரு சொல் திரும்பத் திரும்ப வந்தது. “மகனை விசாரணைக்கு எண்டு கூட்டிக்கொண்டு போனவை. இண்டைக்கும் விசாரணை முடியேல்லை.” இரண்டு இடத்திலும் ‘இன்குவாரி’ என்று போட்டேன். அகராதியில் முதலில் நிற்கிற சொல் அதுதான். அதைத் தாண்டி யோசிக்கவில்லை.

இரண்டு நாள் கழித்துக் கொழும்பிலிருந்து சட்டத்தரணி தொலைபேசியில் கேட்டார். “இந்த இன்குவாரியை நடத்தினது யார்? கோவை இலக்கம் என்ன? இன்னும் முடியவில்லை என்றால் அடுத்த தவணை எப்போது?” ஆங்கிலத்தில் அந்தச் சொல்லைப் படிக்கிற ஒருவர் நியாயமாகக் கேட்கக்கூடிய கேள்விகள்தான். ஒரு மேசை, ஓர் அதிகாரி, ஒரு கோவை, ஒரு திகதி எல்லாம் அந்தச் சொல்லுக்குள் இருக்கின்றன. திரும்பவும் அம்மாவிடம் போனேன்.

“கோவையோ? என்ன கோவை பிள்ளை? விசாரிச்சுப்போட்டு விடுவம் எண்டுதான் அவங்கள் சொன்னவங்கள். அதுக்குப் பிறகு நான்தானே விசாரிச்சுக்கொண்டு திரியிறன்.”

அவர் சொன்ன முதல் விசாரணை, ஆளைக் கொண்டுபோய்க் கேள்வி கேட்பது. இரண்டாவது விசாரணை அவருடையது: முகாம் முகாமாக, சிறை சிறையாக, அலுவலகம் அலுவலகமாகப் போய் மகன் எங்கே என்று கேட்டுக்கொண்டிருப்பது. முடியவில்லை என்று அவர் சொன்னது அதைத்தான். நான் இரண்டையும் ஒன்றாக்கியதில், நடக்காத ஓர் அரச விசாரணை நடந்துகொண்டிருப்பதாகக் கடதாசி சொல்லிவிட்டது. அது அப்படியே நீதிமன்றத்துக்குப் போயிருந்தால் எதிர்த்தரப்புக்கு நான் கொடுத்த பரிசாக இருந்திருக்கும்.

இன்னொன்றையும் அன்று கவனித்தேன். கடதாசியில் ‘போனவை’ என்று மரியாதையாகச் சொன்னவர், வீட்டு விறாந்தையில் என்னோடு பேசும்போது ‘சொன்னவங்கள்’ என்றார். அலுவலகத்தில் யாராவது கேட்டுக்கொண்டிருப்பார்கள் என்ற பயத்தில் வந்த மரியாதை அது. ஆங்கிலத்தில் அதை எழுத வழியில்லை.

அன்று முதல் இந்தச் சொல்லை விடாமல் பின்தொடர்ந்து வருகிறேன். அப்படிச் சேர்ந்தவைதான் கீழே இருப்பவை.

சுகம் கேட்கிற சொல்

விசாரணை வடசொல். ‘சர்’ என்ற வேருக்கு நடத்தல், அசைதல் என்று பொருள். சஞ்சாரம், ஆசாரம், உபசாரம் எல்லாம் அதே வேரிலிருந்து கிளைத்தவை. ஒரு விடயத்தைச் சுற்றி மனம் நடமாடுவது விசாரம். அதனால் ஆராய்தல், சிந்தித்தல் என்பது அதன் முதற்பொருள். திருவண்ணாமலை ரமணர் ‘நான் யார்?’ என்று தன்னைத் தானே கேட்கச் சொன்ன வழிக்கு ஆன்ம விசாரம் என்றுதான் பெயர். அதே விசாரத்துக்குத் தமிழில் கவலை, துக்கம் என்ற பொருளும் உண்டு. மனம் ஒன்றையே சுற்றிக்கொண்டிருந்தால் அது கவலைதானே.

விசாரிப்பு என்றால் பராமரிப்பு. தமிழ் வேதாகமத்தின் பழைய மொழிபெயர்ப்பில், எகிப்தில் தன் எசமானின் வீட்டை முழுவதுமாக மேற்பார்த்த யோசேப்பு அந்த வீட்டின் ‘விசாரணைக்காரன்’ எனப்படுகிறான். வீட்டையும் ஆட்களையும் பொறுப்பாகக் கவனிப்பவன் என்று அர்த்தம். வவுனியாவில் ‘ஜோசப் முகாம்’ என்று சனம் அழைக்கிற இராணுவ முகாமைப் பற்றி, அங்கு நடந்ததாகச் சொல்லப்படும் சித்திரவதைகளைச் சாட்சியங்களோடு தொகுத்து, உண்மைக்கும் நீதிக்குமான சர்வதேச செயற்திட்டம் 2017இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. பெயர்ப் பொருத்தம் தற்செயலானது. ஆனால் வேதாகமம் தெரிந்த ஒருவரால் அந்த இரண்டையும் சேர்த்து நினைக்காமல் இருக்க முடியாது.

வன்னியில் வீட்டுக்குள் இந்தச் சொல் இன்றும் சாதுவாகத்தான் இருக்கிறது. “அம்மாவை நான் விசாரிச்சதாச் சொல்லுங்கோ” என்று சொல்லாமல் யாரும் விடைபெறுவதில்லை. செத்த வீட்டுக்குப் போவது துக்கம் விசாரிக்க. கலியாணம் பேசுமுன் மாப்பிள்ளை பகுதியை நாலு இடத்தில் விசாரிப்பார்கள். உழவு இயந்திரம் வாங்குமுன் விலை விசாரிப்பார்கள். பரந்தனில் ஒரு கடை வாசலில் நின்று காது கொடுத்தால், ஒரு மணித்தியாலத்துக்குள் இத்தனை விசாரிப்பும் கேட்டுவிடும்.

பெயர்ச்சொல்லாக வரும்போதுதான் சிக்கல். “விசாரிச்சவை” என்றால் அன்பு. “விசாரணைக்கு வரட்டாம்” என்றால் வயிற்றைக் கலக்கும். வினையில் இருக்கிற மனிதர் பெயர்ச்சொல்லில் காணாமல் போய்விடுகிறார் என்று ஒரு தமிழாசிரியர் எனக்குச் சொன்னார். யார் விசாரிக்கிறார், யாரை, எதற்காக என்று எதையும் சொல்லாமலே ‘விசாரணை’ என்று சொல்லிவிடலாம்.

சனத்துக்கும் அது தெரிந்திருக்கிறது. அதனால்தான் அந்தப் பெயர்ச்சொல்லை முடிந்தவரை தவிர்க்கிறார்கள். “வந்து போனவங்கள்”, “வரச்சொன்னவங்கள்”, “கூப்பிட்டுக் கதைச்சவங்கள்” என்பார்கள். எழுவாய் இல்லாத வசனங்கள். முன்பு ‘நாலாம் மாடி’ என்றால் போதும். கொழும்பு கோட்டையில் குற்றப் புலனாய்வுத் திணைக்களம் இருந்த கட்டடத்தின் நான்காவது மாடி. கொழும்பையே பார்த்திராத கிழவிகளுக்கும் அந்த மாடி தெரியும். சுற்றிவளைப்பில் சாக்கால் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்து, ஆட்களைப் பார்த்துத் தலையசைத்தவருக்குத் ‘தலையாட்டி’ என்று பெயர். அந்த விசாரணையில் கேள்வியே இல்லை. ஒரு தலையசைப்புத்தான் தீர்ப்பு.

சட்டத்தின் சொற்கள்

நீதிமன்றத் தமிழில் கொஞ்சம் ஒழுங்கு இருக்கிறது. பொலிஸார் ஆதாரம் தேடுவது புலனாய்வு. நீதிவான் முன் நடப்பது விசாரணை. குற்றப்பத்திரம் தாக்கலான பின் மேல் நீதிமன்றத்தில் சாட்சிகளோடு நடப்பதை இலங்கையில் ‘விளக்கம்’ என்பார்கள். வழக்கு விளக்கத்துக்கு எடுக்கப்பட்டது என்று பத்திரிகைகள் எழுதுவது அதைத்தான். விளக்கமறியல் என்ற சொல்லும் அங்கிருந்து வந்தது. மறியல் எங்களுக்குச் சிறை. தமிழ்நாட்டில் மறியல் என்றால் வீதியை மறித்துப் போராடுவது. சென்னையிலிருந்து வந்த நண்பர் ஒருவர், “உங்கள் ஊரில் இத்தனை பேர் விளக்கமறியல் செய்கிறார்களா” என்று வியந்து கேட்டது இன்னும் நினைவிருக்கிறது. எதிர்த்தரப்புச் சட்டத்தரணி சாட்சியை மடக்குவது குறுக்கு விசாரணை. கிணற்றில் விழுந்தோ பாம்பு கடித்தோ யாராவது இறந்தால் வருபவர் திடீர் மரண விசாரணை அதிகாரி. இவ்வளவு சொற்கள் இருந்தும், பிடித்துவைத்த ஓர் ஆளை அறைக்குள் இருத்திக் கேள்வி கேட்பதற்கென்று, ஆங்கிலத்தில் இன்டரொகேஷன் என்கிறதற்கென்று, தனியாக ஒரு சொல் எங்களிடம் இல்லை. அதுவும் விசாரணைதான்.

சிங்களத்தில் நிலைமை வேறு. சுகம் விசாரிப்பது ‘விமசீம’. புலனாய்வு ‘விமர்ஷன’ அல்லது ‘பரீக்ஷண’. வழக்கு விளக்கம் ‘நடு விபாகய’. ஆளைக் கேள்வி கேட்பது ‘ப்ரஷ்ன கிரீம’. கேட்பவருக்கு எது நடக்கப்போகிறது என்று ஓரளவுக்குச் சொல்லிலேயே தெரியும். பரீக்ஷண என்ற அதே சொல் தமிழுக்கு வரும்போது பரீட்சையாகிப் பள்ளிக்கூடத்துக்குப் போய்விடுகிறது. சிங்களத்தில் ஒருவர் சொல்வதைத் தமிழில் சொல்கிற கொன்ஸ்தாபிள், இந்த நான்கையும் ஒரே சொல்லால் சொல்லிவிட்டுப் போகிறார். அவரையும் முழுதாகக் குறைசொல்ல முடியாது. நானும் அதைத்தானே செய்தேன்.

இந்தக் குழப்பம் எவ்வளவு பாரதூரமானது என்பதைப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் பார்க்கலாம். 1979ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கச் சட்டம். தற்காலிக ஏற்பாடாக வந்து 1982இல் நிரந்தரமானது. அதன் 7ஆம் பிரிவின் ஆங்கில வாசகம், சந்தேகநபரைக் கேள்வி கேட்பதற்காக ஓர் இடத்துக்குக் கொண்டுபோவதையும், புலனாய்வுக்காக இடம் இடமாகக் கொண்டுபோவதையும் இரண்டு வேறு சொற்களால் பிரித்தே சொல்கிறது. எங்கள் பேச்சில் இரண்டும் ‘விசாரணைக்குக் கொண்டுபோனவை’தான். 9ஆம் பிரிவின் தடுப்புக்காவல் உத்தரவு ஒருதடவைக்கு 3 மாதம். மொத்தமாக 18 மாதம் வரை நீடிக்கலாம் என்றிருந்ததை 2022ஆம் ஆண்டுத் திருத்தம் 12 மாதமாகக் குறைத்தது.

ஆனால் உயிர்நாடி 16ஆம் பிரிவு. 1895ஆம் ஆண்டின் சான்றுக் கட்டளைச் சட்டப்படி, பொலிஸ் அதிகாரியிடம் கொடுத்த குற்ற ஒப்புதலைக் கொடுத்தவருக்கு எதிராக நிரூபிக்க முடியாது. அறைக்குள் என்ன நடந்தது என்று வெளியில் யாருக்கும் தெரியாது என்பதை ஆங்கிலேயர் காலச் சட்டமே ஒத்துக்கொண்டிருந்தது. பயங்கரவாதத் தடைச் சட்டம் அதைத் தலைகீழாக்கியது. உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் அல்லது அதற்கு மேற்பட்டவரிடம் கொடுத்த ஒப்புதல் செல்லும். அது பலாத்காரமாகப் பெறப்பட்டது என்றால், அதை நிரூபிக்கவேண்டியவர் கொடுத்தவரே. 2022ஆம் ஆண்டுத் திருத்தம் இந்தப் பிரிவைத் தொடவில்லை. இதன் பிறகு விசாரணை என்பது உண்மையைத் தேடுவதற்கான வேலையாக இருக்கவேண்டிய கட்டாயம் இல்லை. ஒரு கையெழுத்து கிடைத்தால் போதும்.

மட்டக்களப்பைச் சேர்ந்த நல்லரத்தினம் சிங்கராசாவின் வழக்கு சட்டம் படிக்கிற எல்லோருக்கும் தெரியும். 1993 ஜூலையில் கைதானவர். அவருடையதாகச் சொல்லப்பட்ட ஒப்புதல் வாக்குமூலம் சிங்களத்தில் தட்டச்சு செய்யப்பட்டது. மொழிபெயர்த்தவர் ஒரு பொலிஸ் கொன்ஸ்தாபிள். அவரால் வாசிக்க முடியாத அந்தக் கடதாசியில் இருந்தது அவரது பெருவிரல் அடையாளம். 1995இல் 50 வருடச் சிறை. மேன்முறையீட்டில் அது 35 ஆனது. ஒப்புதல் பலாத்காரமாகப் பெறப்பட்டது என்பதை அவரே நிரூபிக்கவேண்டும் என்று வைத்தது நியாயமான வழக்குக்கு முரணானது என்று ஐ.நா. மனித உரிமைகள் குழு 2004இல் சொன்னது. 2006இல் இலங்கை உயர் நீதிமன்றம் அதை ஏற்க மறுத்தது. அந்தக் குழுவுக்குத் தனிநபர்கள் முறையிட வழிசெய்த ஒப்பந்தத்தில் இலங்கை சேர்ந்ததே அரசியலமைப்புக்கு ஏற்றதல்ல என்பது நீதிமன்றத்தின் நிலைப்பாடு. அவர் வன்னிக்காரர் அல்ல. ஆனால் ‘வாக்குமூலம்’ என்ற சொல்லைக் கேட்டால் வன்னியில் ஏன் பயப்படுகிறார்கள் என்று வெளிநாட்டவர் யாராவது கேட்டால், நான் முதலில் இந்த வழக்கைத்தான் சொல்வேன். வாக்கு, வாயிலிருந்து வருவது. அந்தக் கடதாசியில் அவருடையதாக இருந்தது விரல் மட்டுமே.

வன்னி கண்ட விசாரணைகள்

விசாரணையை வன்னிக்குக் கொண்டுவந்தது அரசாங்கம் மட்டும் என்று எழுதினால் அது பொய். விடுதலைப் புலிகளின் நிர்வாகம் இருந்த காலத்தில் காவல்துறையும் இருந்தது, நீதிமன்றங்களும் இருந்தன. காணிப் பிணக்குக்கும் களவுக்கும் அங்கே போய் நியாயம் கிடைத்தது என்று சொல்பவர்களை நான் சந்தித்திருக்கிறேன். அதே காலத்தில் புலனாய்வுத்துறை கூட்டிச்சென்றவர்களும் ‘விசாரணைக்கு’ என்றுதான் கூட்டிச்செல்லப்பட்டார்கள். துணுக்காய் என்ற அழகான ஊர்ப்பெயரை இன்றும் ஒருவித அமைதியோடு உச்சரிக்கிற குடும்பங்கள் இருக்கின்றன. அவர்களுக்கென்று தனியாக ஓர் ஆணைக்குழு உட்கார்ந்ததாக எனக்குத் தெரியவில்லை. அவர்களும் தங்களுக்குள்ளேயே விசாரித்துக்கொண்டிருக்கிறார்கள்.

2009இல் அந்தச் சொல் ஒலிபெருக்கியில் வந்தது. வட்டுவாகல் பாலத்தைக் கடந்து, ஓமந்தை வழியாக, செட்டிகுளத்து மெனிக் பாம் முகாம்கள் வரை அதே அறிவிப்பு: இயக்கத்தில் ஒருநாள் இருந்திருந்தாலும் பெயரைப் பதியுங்கோ, விசாரித்துவிட்டு விட்டுவிடுவோம். அதைக் கேட்ட பலர் தாமாகவே எழுந்து போனார்கள். தாய்மாரும் மனைவிமாரும் சிலரைக் கையைப் பிடித்துக் கொண்டுபோய் ஒப்படைத்தார்கள். இந்தச் சொல்லின் கதையில் எனக்கு மிகவும் கனமான இடம் இதுதான். ‘விசாரிச்சுப்போட்டு’ என்ற வினையெச்சத்தில் ஒரு வாக்குறுதி இருக்கிறது. அது முடிகிற வேலை, அதற்குப் பிறகு இன்னொரு வேலை இருக்கிறது, அது விடுவது. தமிழ் தெரிந்த எவருக்கும் அந்த இலக்கணம் நம்பிக்கை தரும். புனர்வாழ்வு முகாம்களுக்கு அனுப்பப்பட்டு ஒன்று, இரண்டு வருடங்களில் வீடு திரும்பியவர்கள் ஏராளம். அரசாங்கக் கணக்கில் சுமார் 12,000 பேர் புனர்வாழ்வு பெற்றவர்கள். திரும்பாதவர்களின் குடும்பத்துக்கு அந்த வினையெச்சம் இன்னும் எச்சமாகவே நிற்கிறது.

பிறகு விசாரிக்கும் முறை மாறியது. இம்முறை அவர்கள் வந்து எங்களைக் கேட்டார்கள். 2010 செப்டெம்பரில் கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு கிளிநொச்சியில் அமர்ந்தது. காணாமல்போனோர் பற்றிய முறைப்பாடுகளை விசாரிக்க 2013இல் அமைக்கப்பட்ட பரணகம ஆணைக்குழு, 2014 ஜனவரியில் தன் முதல் அமர்வுகளைக் கிளிநொச்சியில்தான் நடத்தியது. மகனின் படத்தை மார்போடு அணைத்துக்கொண்டு தாய்மார் விடிய முன்னரே வந்து வரிசையில் நின்றார்கள். மொழிபெயர்ப்பின் தரம் பற்றி அந்த அமர்வுகளை அவதானித்தவர்கள் பலரும் எழுதியிருக்கிறார்கள். பிள்ளை எங்கே என்று கேட்க வந்தவர்களிடம் வாழ்வாதார உதவி வேண்டுமா என்று கேட்கப்பட்டதும் பதிவாகியிருக்கிறது. அது நலம் விசாரிப்பா, முறைப்பாட்டு விசாரணையா? சொல் ஒன்றாக இருப்பதால் ஒன்றிலிருந்து மற்றதுக்கு வழுக்கிப்போவது சுலபம்.

அதே 2014 மார்ச் 13ஆம் திகதி, தருமபுரத்தில் பாலேந்திரன் ஜெயக்குமாரி கைதானார். காணாமல் ஆக்கப்பட்ட மகனைத் தேடிப் போராட்டங்களில் முன்னணியில் நின்றவர். பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் பூசாவில் தடுத்து வைக்கப்பட்டு, ஏறக்குறைய ஒரு வருடத்துக்குப் பிறகு, 2015 மார்ச்சில் பிணையில் வந்தார். அவரது கைதைப் பற்றி விசாரிக்க வந்த ருக்கி பெர்னாண்டோவும் பிரவீன் அடிகளாரும் கிளிநொச்சியில் மார்ச் 16ஆம் திகதி கைதாகி இரண்டு, மூன்று நாட்களில் விடுவிக்கப்பட்டனர். விசாரிப்பவரை விசாரிப்பது என்ற புதிய வகை அப்போது எங்களுக்கு அறிமுகமானது. அது பழையதாகவும் ஆகிவிடவில்லை. 2025 ஆகஸ்டில், செம்மணிப் புதைகுழி அகழ்வை ஒளிப்படமாகப் பதிவுசெய்துவந்த முல்லைத்தீவு ஊடகவியலாளர் கணபதிப்பிள்ளை குமணன், அளம்பிலில் உள்ள பயங்கரவாதத் தடுப்பு மற்றும் விசாரணைப் பிரிவுக்கு அழைக்கப்பட்டுப் பல மணித்தியாலம் கேள்வி கேட்கப்பட்டார். அந்தப் பிரிவின் பெயரிலேயே சொல் இருக்கிறது, பாருங்கள்.

பதாகையில் எழுதிய சொல்

2017 பெப்ரவரி 20ஆம் திகதி, கிளிநொச்சி கந்தசுவாமி கோவில் முன்றலில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவினர்கள் தொடர் போராட்டத்தைத் தொடங்கினார்கள். நாலு நாளில் வவுனியா, மார்ச் 8ஆம் திகதி முல்லைத்தீவு. அங்கே பதாகையில் பெரிய எழுத்தில் இருந்தது: சர்வதேச விசாரணை வேண்டும். உள்ளக விசாரணையில் நம்பிக்கை இல்லை.

எந்தச் சொல் தொலைபேசியில் வந்தால் இரவு முழுக்க நித்திரை வராதோ, அதே சொல்லைக் கையில் பிடித்துக்கொண்டு வெயிலில் இருந்தார்கள். முதலில் எனக்கு அது முரணாகப் பட்டது. ஒரு நாள் கொட்டகையில் தேத்தண்ணீர் குடித்தபடி ஓர் அம்மாவிடம் இதைக் கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். “அவங்கள் எங்களைக் கேட்டவங்கள். நாங்கள் அவங்களைக் கேக்க வேணும். அது வேற, இது வேற பிள்ளை.” எனக்குத் தெரிந்த எந்த அகராதியும் இதை இவ்வளவு தெளிவாகச் சொல்லவில்லை.

2016ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான, காணாமல்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்தை அவர்களில் பெரும்பாலோர் ஏற்காததற்கும் இது ஒரு காரணம். அந்த அலுவலகத்தின் கண்டறிதல்களால் யாருக்கும் குற்றவியல் பொறுப்போ குடியியல் பொறுப்போ எழாது என்று சட்டமே சொல்கிறது. பதிலைக் கொடுத்துவிட்டு எழுந்துபோகலாம். அதைத் தேடுதல் என்று சொல்லலாம், நானும் அப்படித்தான் மொழிபெயர்ப்பேன். கொட்டகையில் இருப்பவர்கள் விசாரணை என்று சொல்வது இன்னொன்றை. 2023 ஜூனில் கொக்குத்தொடுவாயில் குடிநீர்க் குழாய்க்காக நிலம் தோண்டியபோது எலும்புகள் வெளிவந்தன. முல்லைத்தீவு நீதிவானின் மேற்பார்வையில் அகழ்வு நடந்தது. அது விசாரணை என்ற சொல்லின் சரியான சட்டப் பொருள். வேலிக்கு வெளியே நின்று உடுப்பின் நிறத்தைப் பார்த்துக்கொண்டிருந்த பெண்கள் செய்ததும் விசாரணைதான்.

மற்ற மொழிகளிலும் இந்தச் சிக்கல் இல்லாமல் இல்லை. காஃப்காவின் நாவலின் ஜெர்மன் தலைப்புக்கு வழக்கு, நடைமுறை என்று பொருள். ஏ. வி. தனுஷ்கோடி அதைத் தமிழாக்கியபோது ‘விசாரணை’ என்று வைத்தார். காரணமே தெரியாமல் கைதாகி அலைக்கழிகிறவனின் கதைக்கு அது மூலத்தைவிடப் பொருத்தமாகவே எனக்குப் படுகிறது. மு. சந்திரகுமாரின் ‘லாக்கப்’ நாவலை வெற்றிமாறன் அதே பெயரில் படமாக்கினார். குண்டூரில் தெலுங்குப் பொலிஸிடம் அகப்பட்ட தமிழ்த் தொழிலாளர்கள், பாதிக் கேள்வி புரியாமலே அடிவாங்குகிறார்கள். கிளிநொச்சியில் அதைப் பார்த்த என் மைத்துனர் இடைவேளையோடு எழுந்துவிட்டார். “மொழியை மட்டும் மாத்தினால் சரி” என்றதோடு முடித்துக்கொண்டார்.

ஆங்கில உலகமோ இன்டரொகேஷன் என்ற சொல்லையே கைவிடப் பார்க்கிறது. ஐ.நா.வின் சித்திரவதை தொடர்பான சிறப்பு அறிக்கையாளராக 2016இல் இலங்கை வந்துபோன ஹுவான் மெண்டெஸின் பெயரால் 2021இல் சில கோட்பாடுகள் வெளிவந்தன. ஒப்புதலைப் பிடுங்குவதற்காகக் கேட்காதே, தகவலை அறிவதற்காகக் கேள், மிரட்டாதே, சட்டத்தரணியை இருக்கவிடு என்பது அவற்றின் சாரம். அங்கே பயன்படும் சொல் ‘இன்டர்வியூ’. எங்கள் அரச தமிழில் இன்டர்வியூவுக்கு நேர்முகப் பரீட்சை என்று பெயர். வேலைக்குப் போட்டிபோடுகிறவர்கள் தோற்றுவது. இதற்கு நல்ல தமிழ் தேடினால் ‘உசாவுதல்’ கிடைக்கும். கலந்து கேட்டல் என்ற பொருள் அதற்குள் இருக்கிறது. உசாத்துணை என்றால் ஆலோசனை கேட்கத் தகுந்த துணை. புத்தகங்களின் பின்பக்கத்தில் மட்டும் மிஞ்சியிருக்கிற அந்தச் சொல்லைப் பொலிஸ் நிலையத்துக்குக் கொண்டுபோகலாம் என்று எனக்கு நம்பிக்கையில்லை. சொல்லை மாற்றினால் அறை மாறிவிடாது.

ஆனால் எந்த விசாரணை என்று கேட்கலாம். இங்கே வேலைசெய்கிற சட்டத்தரணிகள் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான். சாட்சியாகக் கூப்பிடுகிறார்களா, சந்தேகநபராகவா? எந்தப் பிரிவு, எந்த முறைப்பாடு? எழுத்தில் தரமுடியுமா? எழுத்தில் வந்த கடிதம் சிங்களத்தில் மட்டும் இருந்தால் தமிழில் கேளுங்கள், தமிழும் ஆட்சிமொழி. வாசித்து விளங்காத எதிலும் கையெழுத்து வைக்காதீர்கள். 2006இல் ஜனாதிபதி முப்படைக்கும் பொலிஸாருக்கும் கொடுத்த பணிப்புரைகளில், கைதுசெய்பவர் தன்னை அடையாளப்படுத்தவேண்டும், காரணம் சொல்லவேண்டும், உறவினருக்கு எழுத்தில் ஆவணம் தரவேண்டும், வாக்குமூலத்தை அவர் விரும்பும் மொழியில் கொடுக்க விடவேண்டும் என்றெல்லாம் இருக்கிறது. பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் கைதானால் 48 மணித்தியாலத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு அறிவிக்கவேண்டும் என்பது 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தில் உள்ளது. ஆணைக்குழுவுக்கு வவுனியாவில் பிராந்திய அலுவலகம் உண்டு. அவசர இலக்கம் 1996. சட்டத்தின் ஆண்டும் தொலைபேசி இலக்கமும் ஒன்றாக இருப்பதால் மறக்காது.

அந்தத் தாயின் கடதாசியை அன்று திருத்தி அனுப்பினேன். முதல் இடத்தில், கேள்வி கேட்டுவிட்டு விடுவிப்பதாகச் சொல்லிக் கொண்டுசென்றார்கள் என்று நீட்டி எழுதினேன். இரண்டாவது இடத்தில், நான் இன்றுவரை அவனைத் தேடி விசாரித்துக்கொண்டிருக்கிறேன் என்று. இரண்டு சொல் இருந்த இடத்தில் இரண்டு வரி வந்தது. சட்டத்தரணி பிறகு ஒன்றும் கேட்கவில்லை.

போன மாதம் பக்கத்து வீட்டு அண்ணைக்கு ஓர் அழைப்பு வந்தது. பின்னேரம் வேலியடியில் நின்று சொன்னார், நாளைக்குக் காலமை ஒன்பது மணிக்கு விசாரணைக்கு வரட்டாம் என்று. புனர்வாழ்வு பெற்று வந்து பதினாலு வருடமாக அவருக்கு இப்படி அழைப்பு வருகிறது.

“என்ன விசாரணை எண்டு கேட்டனீங்களோ அண்ணை?”

“கேட்டனான். வந்தால் சொல்லுவம் எண்டவை.”